பாலைவனத்து வழியும் பாழ்பட்ட நகரமும்

மனிதர் நீங்கிய நகரங்களைத் தேடிச் சென்று பார்ப்பது இக்காலத்து உல்லாசப் பிரயாணிகளுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கில், நமீபியா தேசத்துப் பாலை மணலுக்கு நடுவே கோல்மன்ஸ்கோப் என்றோர் ஊர் இருக்கிறது. 1908-ல், ரயில் பாதையில் விழுந்த மணலை வாரிக்கொண்டிருந்த ஒரு கூலியாளின் கையில் வைரக்கல் ஒன்று அகப்பட்டது. அது தொட்டு ஜெர்மானியர் அங்கே வந்து குவிந்து, ஆஸ்பத்திரி, நடன மண்டபம், பனிக்கட்டி ஆலை என்று சகல வசதிகளோடும் ஒரு நகரத்தை எழுப்பினர். அதைவிடச் சிறந்த வைரங்கள் தெற்கே அகப்பட்டதும், எழுப்பிய வேகத்திலேயே அதைக் கைவிடத் தொடங்கினர். 1956-க்குள் அங்கே குடியிருப்பவர் எவரும் இல்லை. இன்று அதன் வீடுகளுக்குள் கதவுயரத்துக்கு மணல் ஏறிக் கிடக்க, பிரயாணிகள் டிக்கட்டு வாங்கிக்கொண்டு போய் அதைப் படம் பிடிக்கின்றனர். நமது தேசத்திலேயே ஜெய்ஸல்மேருக்கு அருகில் குல்தாரா என்னும் கிராமம், கூரையற்ற சுவர்களோடு பாலை வெயிலில் நிற்கிறது. அதையும் பார்க்கக் கூட்டம் போகிறது.

இவ்வூர்களைக் கண்டு திரும்புவோர் பெரும்பாலும் "எல்லாம் காலத்தின் கோலம்" என்று ஒரு பெருமூச்சு விட்டு, அத்துடன் விஷயத்தை முடித்துக்கொள்கின்றனர். காலத்தின்மேல் குற்றம் சுமத்துவது சுலபம். அது கூண்டில் ஏறி வாக்குமூலம் கொடுக்கப்போவதில்லை. ஆயினும், ஊர்கள் தாமாகச் சாவது அரிது. யாரோ சிலர், எங்கோ தொலைவிலுள்ள ஓரறையில் உட்கார்ந்து, ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு, "இனி அந்த இடத்தால் நமக்குப் பயனில்லை" என்று தீர்மானம் செய்கின்றனர். மணலும் முள்ளும் அதன் பிறகே வருகின்றன. இதை மெய்ப்பிக்க நமீபியாவுக்குப் போகவேண்டுவதில்லை. சென்னைப் பட்டணத்திலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் வடக்கே போனால் போதும்.

தமிழ்நாட்டில் பாழூர் என்றதும் எவர்க்கும் தனுஷ்கோடியே நினைவுக்கு வரும். 1914 முதல் ரயிலும் கப்பலும் சந்தித்த துறை அது. இலங்கைக்குப் போவோர் அங்கே இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறினர். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு வீசிய புயலில் கடல் பொங்கி வந்து, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை, நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு வாரிக்கொண்டு போயிற்று. பிறகு மனிதர் வசிக்கத் தகாத இடமென்று அரசாங்கம் அவ்வூரை அறிவித்துவிட்டது. 2017-ல் அரிச்சல்முனை வரையில் சாலை திறக்கப்பட்ட பிறகு, அங்கே நாள்தோறும் வண்டிகள் போய்வருகின்றன. தனுஷ்கோடி விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது கடல். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆனால் நாம் இங்கே சொல்லவந்த நகரத்தைக் கடல் கொள்ளவில்லை. புயலும் போரும் அதனைத் தாக்கியதுண்டு. அவற்றால் அது சாகவில்லை. அது கணக்கேட்டினால் செத்தது. அதன் பெயர் பழவேற்காடு.

கும்மிடிப்பூண்டியிலிருந்து இரு வழிகள்

பழவேற்காட்டை அறிய விரும்புவோர் கும்மிடிப்பூண்டியிலிருந்து பிரயாணம் தொடங்குவது நல்லது. சென்ற கோடையில் நாம் அவ்வாறே செய்தோம். கல்கத்தாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில், தமிழ்நாட்டின் வடவெல்லைக்குச் சமீபத்தில் இருப்பது கும்மிடிப்பூண்டி. 1971-ல் அமைக்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் பழைய தொழிற்பேட்டைகளுள் ஒன்று இங்கே இருக்கிறது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள், இரசாயனச் சாலைகள், பாகங்கள் செய்யும் பட்டறைகள் என்று மைல் கணக்காகப் பரந்து கிடக்கின்றன. பீஹாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக இங்கே வேலை செய்கின்றனர். புகையும் தூசியும் இருக்கின்றன என்பது உண்மை. அடுப்பு எரிகிறது என்பதும் உண்மை. தொழில் வளர்ச்சியைத் தூற்றுவது நமது நோக்கமன்று. இவ்விடத்திலிருந்து கிளம்பும் இரு சாலைகள் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

வடக்கே செல்லும் சாலை ஆரம்பாக்கம், தடா வழியாகச் சூலூர்ப்பேட்டையை அடைகிறது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால், பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கரைச்சாலை ஒன்றுண்டு. சில்காவுக்கு அடுத்தபடியாக, பாரத நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் இரண்டாவது பெரியது இது. தெற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அடங்கும். மழைக் காலத்தில் இக்கரைச்சாலையின் இரு புறத்திலும் தண்ணீர் ததும்பும். பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். கோடையிலோ, வடபாகத்தில் ஆழம் குறைவாதலால், நீர் வற்றிவிடுகிறது. தேசப்படத்தில் நீல நிறம் தீட்டிய இடத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் வெடித்த சேறும் வெள்ளை வெளேரென்று பூத்த உப்பும் கிடக்கின்றன. தொலைவில் கானல் ஓடுகிறது. நிழலுக்கு ஒரு மரமில்லை. தார்ப் பாலைவனத்தை நேரிற் காணாதவர்க்கு, சித்திரை வைகாசியில் இந்தப் பதினைந்து இருபது கிலோமீட்டர்ப் பாதை அதன் மாதிரியைக் காட்டும்.

அப்பாதையின் முடிவில் இருப்பது ஸ்ரீஹரிக்கோட்டை. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் அத்தீவை 1969-ல் ராக்கெட்டுத் தளத்திற்காகத் தெரிந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9-ம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட்டு எழுந்தது. 2023 ஜூலை 14-ம் தேதி சந்திரனை நோக்கிச் சென்ற கலமும் அம்மண்ணிலிருந்தே எழுந்தது. தேசத்தின் பெருமை அது, மறுப்பவர் யார்? ஆனால் அத்தீவிலும் கிராமங்கள் இருந்தன. ஏனாதிகளும் செம்படவரும் அங்கே வாழ்ந்தனர். தளத்திற்கு இடம் விட்டு அவர்கள் பெயர்ந்தனர்; சிலர் ஏரியின் தென்கரைக்கு வந்து குடியேறினர். பொதுநன்மைக்காகவும் ஓர் ஊர் காலியாகலாம் என்பதற்கு இது சாட்சி. எந்த நன்மைக்காக, யார் கேட்டு, யார் சம்மதித்து, யாருக்கு என்ன கொடுத்து என்ற கேள்விகள் மட்டும் எந்த நன்மையாலும் அழிந்துபோகமாட்டா.

பெயரளவில் ஒரு பாலைவனம்

மற்றொரு சாலை தெற்கே தச்சூர்க் கூட்டுச்சாலைக்கு வந்து, கிழக்கே பொன்னேரிக்குத் திரும்புகிறது. பொன்னேரியிலிருந்து கடலை நோக்கிப் போகையில், வழியில் திருப்பாலைவனம் என்றோர் ஊர் குறுக்கிடுகிறது. பெயரைக் கேட்டுவிட்டு மணற்காட்டை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். சுற்றிலும் நெல் வயல்கள். பாலை மரங்கள் அடர்ந்த வனம் என்பதே இப்பெயரின் பொருள். அங்கே எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்குத் திருப்பாலீசுவரர் என்று திருநாமம். அதைக் கடந்து சென்றால் பழவேற்காடு. அதாவது பழைய வேலங்காடு. இவ்வாறு இரண்டு வனங்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆனால் இன்று அவ்வழியில் கண்ணில் மிகுதியாகப் படுவது பாலையுமன்று, பழைய வேலுமன்று; எங்கிருந்தோ வந்து தமிழ்நாடெங்கும் ஆக்கிரமித்துக்கொண்ட சீமைக் கருவேலம்.

பாலை என்ற சொல்லைப் பற்றி நம் முன்னோர் செய்த ஆராய்ச்சி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ஐந்திணைகளுள் பாலைக்கு மட்டும் அவர்கள் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு கெட்டு, வேனிலின் கொடுமையால் வறண்டபோது, அவ்வறட்சிக்கே பாலை என்று பெயர் என இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் தெளிவாக வகுத்தார். எவ்வளவு நுட்பமான கொள்கை! பாலை ஒரு நிலமன்று. நல்ல நிலத்துக்கு நேரும் ஒரு கதி. அதைப்போலவே, பாழூர் என்பது ஊர்களுள் ஒரு ஜாதியன்று; நல்ல ஊருக்கு நேரும் ஒரு கதி. அக்கதி எவ்வாறு நேர்ந்தது என்று கேட்பதே அறிவுடையார் செய்யும் பிரயாணத்தின் பயன்.

நகரம் எங்கே?

பழவேற்காட்டுக்குள் நுழைபவர்க்கு முதலில் காணப்படுவது ஜீவனுள்ள ஊரே. மீன் ஏலம் நடக்கிறது. படகுகள் போகின்றன, வருகின்றன. முஸ்லிம் பெண்கள் பனையோலையால் பெட்டிகளும் கூடைகளும் முடைகின்றனர். பள்ளிவாசல் ஒன்றில் பழைய நிழற்கடிகாரம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. "பாழ்பட்ட நகரம் எங்கே?" என்று கேட்கத் தோன்றும்.

கேட்டால் இரண்டு இடங்களைக் காட்டுவார்கள். ஒன்று, முட்செடிகள் மூடிய ஒரு மேடும், அதைச் சுற்றிலும் அகழியின் தடமும். அதுவே ஒல்லாந்தரின் கெல்டிரியாக் கோட்டை இருந்த இடம். மற்றொன்று, தொல்பொருள் இலாகாவின் காவலிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலின் இரு மருங்கிலும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே பெரிய கற்பலகைகள். அவற்றின்மேல் குலச் சின்னங்களும், ஒல்லாந்து மொழியில் புடைப்பாகச் செதுக்கிய பெயர்களும், பதினேழாம் நூற்றாண்டின் வருஷங்களும். கற்கள் அங்கேயே செதுக்கியவைபோல் எழுத்து மங்காமல் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே கிடப்பவர்களின் பேரன்மார் யாரும் அங்கில்லை. கடைகளும், கிடங்குகளும், நாணயசாலையும், மருந்துச்சாலையும், துரைகளின் மாளிகைகளுமாக இருந்த ஒரு தலைநகரத்தில் எஞ்சியது ஒரு மேடும் ஒரு மயானமுமே.

தலைநகரம் என்று நாம் சொல்வது மிகையன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இத்துறையிலிருந்து மலாக்காவுக்குத் துணி ஏற்றினர். 1610-ல் ஒல்லாந்தர், விஜயநகரத்து வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று இங்கே பண்டசாலை வைத்தனர். 1612-ல் போர்த்துக்கீசியர் வந்து அதை அழிக்கவே, மறு வருஷம், 1613-ல், வெமர் வான் பெர்கெம் என்ற அதிகாரியின்கீழ் கோட்டை எழும்பியது. தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அவன் அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டான். சோழமண்டலக் கரையிலிருந்த ஒல்லாந்தரின் கோட்டைகள், பண்டசாலைகள் அனைத்துக்கும் 1690 வரையில் இதுவே அதிகார பீடம். இங்கே பொன் வராகன் அச்சிட்டார்கள், வெடிமருந்து செய்தார்கள்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்காக? துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் மிளகும் விளைந்தன. ஆனால் அத்தீவினர் வெள்ளிப் பணத்தைக் காட்டிலும் நம் நாட்டுத் துணியையே விரும்பினர். சாயவேரின் சிவப்பு, அவுரியின் நீலம், கட்டம் போட்ட நெசவு, கையால் எழுதிய பூவேலை: இவற்றைக் கொடுத்தால்தான் வாசனைத் திரவியம் கிடைக்கும். சோழமண்டலக் கரையின் துணி இல்லையேல் மொலுக்காத் தீவுகளின் வியாபாரம் ஒரு கை ஒடிந்ததாகும் என்று ஒல்லாந்தரே எழுதி வைத்தனர். ஆகவே கம்பெனி முன்பணம் கொடுத்தது. செட்டித் தரகர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டு போயினர். தறியிலிருந்த நெசவாளி, தான் ஒருநாளும் பார்த்திராத தீவுகளின் ருசிக்கேற்ப நெய்தான். இன்றும் மலாய் மக்கள் தங்கள் கட்டம் போட்ட கைலிக்குப் "பெலேகட்" என்று பெயர் சொல்லுகின்றனர். அது பழவேற்காட்டின் பெயரே. நகரம் அழிந்தது, கடல் கடந்த ஒரு சொல்லில் அதன் பெயர் பிழைத்திருக்கிறது.

சொல்லக் கூசும் மற்றொரு சரக்கும் இத்துறையிலிருந்து கப்பலேறியது. பஞ்சமும் போரும் வந்த காலங்களில், பசி தாளாமல் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களை, ஒல்லாந்தர் அடிமைகளாக வாங்கிப் பட்டாவியாவுக்கு அனுப்பினர். பதினேழாம் நூற்றாண்டில் இவ்வாறு போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குக் கற்பலகை இல்லை; குலச் சின்னம் இல்லை; எழுத்து இல்லை. வாங்கியவன் அந்நியன் என்பது மெய்தான். ஆனால் பிடித்துக் கொண்டுவந்து விலை பேசிய தரகன் நம்மவனே. இதை மறைத்துவிட்டு எழுதும் சரித்திரம் தேசாபிமானம் ஆகாது.

நகரம் மாண்ட விதம்

இனி, இந்நகரம் மாண்ட விதம். அதில் இடி இல்லை, தீ இல்லை, பேனாவின் ஓசை மட்டும் உண்டு.

இங்கிலீஷ்காரர் 1620-களில் சிறிது காலம் பழவேற்காட்டிலேயே ஒல்லாந்தரோடு பங்காளிகளாக இருக்கப் பார்த்தனர். ஒத்துவரவில்லை. 1626-ல் வடக்கே ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராயப்பட்டணத்துக்குப் போயினர். அதுவும் சரிப்படாமல் 1639-ல் தெற்கே மதராஸப்பட்டணத்தில் இடம் பெற்றனர். அந்த வருஷத்தில் பழவேற்காடு பெருந்துறை; சென்னை ஒரு மணற்கரை. பழவேற்காட்டில் இடமில்லாமற் போனதால் பிறந்ததே சென்னைப் பட்டணம் என்று சொன்னால் தவறாகாது. ஐம்பது வருஷத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1690-ல் ஒல்லாந்தர் தங்கள் அதிகார பீடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டனர். தெற்கே வியாபாரம் அதிகம் என்று கணக்குச் சொல்லிற்று, கணக்கின்படி நடந்தனர். 1781-ல் நாகப்பட்டினத்தை இங்கிலீஷ்காரர் பிடித்துக்கொண்டதும், வேறு போக்கிடமின்றிப் பழவேற்காட்டை மறுபடியும் நாடினர். 1795-ல் இங்கிலீஷ்காரர் இதையும் கைப்பற்றினர். 1799-ன் இறுதியில் ஒல்லாந்துக் கம்பெனியே கடனில் மூழ்கிக் கலைந்தது. 1818-ல் ஊர் ஒல்லாந்தருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கொடுக்கல் வாங்கலில் கைமாறும் பண்டம்போல அது போய்வந்தது.

கடைசியில் 1824-ல் லண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஒல்லாந்தர் இந்தியாவிலிருந்த தங்கள் இடங்களையெல்லாம் மலாக்காவோடு சேர்த்து இங்கிலீஷ்காரருக்கு விட்டனர். இங்கிலீஷ்காரர் சுமத்திராவிலிருந்த பென்கூலனை ஒல்லாந்தருக்கு விட்டனர். வரைபடத்தின்மேல் ஒரு கோடு. இப்புறம் உனக்கு, அப்புறம் எனக்கு. 1825-ல் பழவேற்காடு கைமாறியது. பக்கத்தில் சென்னை இருக்க, இங்கிலீஷ்காரருக்கு இன்னொரு துறைமுகம் எதற்கு? கோட்டை சிதைந்தது, கற்கள் மண்ணாயின.

சட்டம் படித்தவர்கள் அவ்வுடன்படிக்கையை வாசிக்கும்போது ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். இரு சாராரும் தத்தம் அரசர்களின் பெயரால், தக்க பிரதிநிதிகளைக் கொண்டு, முறைப்படி கையொப்பமிட்டனர். சட்டத்தில் ஒரு குறையுமில்லை. ஆனால் பழவேற்காட்டில் நெய்தவன், சாயம் தோய்த்தவன், தோணி தள்ளியவன், வலை வீசியவன் ஆகிய எவனும் அவ்வுடன்படிக்கையில் கட்சிக்காரனல்லன். அவனைக் கேட்கவேண்டும் என்பது இரு தரப்பாருக்கும் தோன்றவே இல்லை. விலைக்குப் போகும் வீட்டில் குடியிருப்பவனுக்காவது நோட்டீஸ் உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை.

பிழைத்திருந்தவர் யார்?

இங்கே ஓர் அதிசயம் கவனிக்கத்தக்கது. கம்பெனியின் நகரம் மாண்டது. செம்படவர் குப்பங்கள் மாளவில்லை. கோட்டை மண்மேடாயிற்று; அதன் நிழலிலிருந்த குப்பம் இன்றும் கோட்டைக்குப்பம் என்ற பெயரோடு உயிர் வாழ்கிறது. துணியை நம்பியவன், துணி வாங்குபவன் போனதும் போனான். ஏரியை நம்பியவனுக்கு ஏரி இருந்தது.

ஏரி இருந்தால் மட்டும் போதாது. அதைப் பங்கிட்டுக்கொள்ள ஒழுங்கும் வேண்டும். பழவேற்காட்டில் "பாடு" என்ற முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. இறால் மிகுதியாக அகப்படும் இடங்களைக் கிராமங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். கிராமத்துக்குள் எந்த வலைக்காரனுக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகியவை இம்முறையில் பழைய பாத்தியதை உள்ளவை. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. மோசமான இடமும் ஒருவனையே அழுத்தாது. எழுதாத சட்டம் இது. குற்றமற்றது என்று நாம் சொல்லவரவில்லை, பாடு இல்லாத கிராமத்தாரும், பிற ஜாதியாரும் இதனால் விலக்கப்படுகின்றனர் என்ற வழக்கு நெடுங்காலமாக உண்டு, சண்டையும் நடந்ததுண்டு. ஆயினும், கடலோரத்து ஏழைகள் தாமே வகுத்துக்கொண்ட ஒரு பொதுச்சொத்து முறை, பேரரசுகளும் கம்பெனிகளும் வந்துபோன பிறகும் நிலைத்திருக்கிறது. அரசியல் பேசுவோர் இதை ஆராய்ந்து படிக்கவேண்டும்.

இப்பொழுது அந்த ஏரிக்கே ஆபத்து வந்திருக்கிறது. ஏரியின் உயிர் அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது. மழைக் காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவர, ஏரி நிரம்பி, வெள்ளம் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலை அடைகிறது. பிறகு கடல்நீர் உள்ளே வந்து போகிறது; அதனோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வருகின்றன. கோடையில் அலைகள் மணலைத் தள்ளி வாயை அடைத்துவிட்டால், உள்ளிருக்கும் நீர் வெயிலில் சுண்டி உப்பு ஏறுகிறது, மீன் குறைகிறது, படகு கடலுக்குப் போக வழியில்லாமற் போகிறது. வாய் எக்காலமும் திறந்திருக்கவேண்டும் என்பது மீனவரின் நெடுநாளைய முறையீடு. அண்மை ஆண்டுகளில் முகத்துவாரத்தில் கற்சுவர்கள் அமைக்கும் வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நல்லது. ஆனால் கரையோரத்து மணல் ஓரிடத்தில் நில்லாதது. வருஷத்தின் பெரும்பகுதியில் அது தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தெற்கே ஓரிடத்தில் கல்லைப் போட்டு அதைத் தடுத்தால், வடக்கே வேறிடத்தில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதற்கு வடக்கேயுள்ள ராயபுரம் கரையை அலை தின்ற கதை எல்லோருக்கும் தெரியும்.

ஏரிக்குத் தெற்கே, எண்ணூரில் 2001-ல் ஒரு துறைமுகம் திறக்கப்பட்டது. பிறகு காட்டுப்பள்ளியில் இன்னொன்று வந்தது. 2018-ல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. 330 ஏக்கர் அளவிலிருந்த அதை 6,000 ஏக்கருக்கு மேற்பட்டதாக விஸ்தரிக்கும் திட்டம் ஒன்று வெளியாயிற்று. பழவேற்காட்டு மீனவர் எதிர்த்தெழுந்தனர். 2021 ஜனவரியில் நடப்பதாயிருந்த பொது விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் குறித்த நாளிலும் அது நடைபெறவில்லை. துறைமுகம் வேண்டும் என்பார் கட்சியிலும் நியாயம் உண்டு. கும்மிடிப்பூண்டியின் இரும்பு ஏதேனும் ஒரு கரையிலிருந்து கப்பலேறத்தானே வேண்டும்? ஆனால் 1690-லும் 1824-லும் கணக்குப் பார்த்தவர்களுக்கும் தத்தம் கட்சியில் நியாயம் இருந்தது. துறைமுகத்தின் வரவும் ஏரியின் செலவும் ஒரே ஏட்டில், ஒரே பக்கத்தில் எழுதப்படுகின்றனவா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

கேட்கப்படும் உரிமை

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரும் வித்தியாசம் இருக்கிறது. அன்று கேட்கவேண்டும் என்ற சட்டமில்லை, இன்று இருக்கிறது. இத்தகைய பெருந்திட்டங்களுக்கு அனுமதி வழங்குமுன், அவ்விடத்திலேயே பொது விசாரணை நடத்தி, ஜனங்களின் அபிப்பிராயத்தைப் பதிவு செய்யவேண்டுமென்று 2006-ம் வருஷத்து மத்திய சர்க்கார் அறிவிக்கை கூறுகிறது. சுயராஜ்யம் வந்ததனால் கிடைத்த உரிமை இது. பழவேற்காட்டு மீனவன் தன் ஊரின் கதியைப்பற்றி வாய் திறந்து பேசச் சட்டம் முதன்முறையாக இடம் தருகிறது.

ஆனால் அவ்வறிவிக்கையிலேயே ஒரு குறை கிடக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள ஆராய்ச்சி அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் தேச பாஷையில் கொடுத்தால் போதும் என்கிறது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. மணல் எப்பக்கம் நகரும், எத்தனை மைல் கரை அரிக்கும், முகத்துவாரம் என்னவாகும் என்பவையெல்லாம் ஆங்கில அட்டவணைகளில் அடங்கிக் கிடக்க, சுருக்கத்தில் வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் தமிழில் மின்னுகின்றன. தனக்கு விளங்காத பாஷையிலுள்ள தஸ்தாவேஜின்மேல் ஒருவனிடம் சம்மதம் வாங்கினால், எந்தக் கோர்ட்டும் அதைச் சம்மதமென்று ஒப்புக்கொள்ளாது. ஒரு ஜில்லாவின் கடற்கரை விஷயத்தில் மட்டும் அது எப்படிச் சம்மதமாகும்? முழு அறிக்கையும் தமிழில் வரவேண்டும். விசாரணைக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது ஒவ்வொரு குப்பத்திலும் அது வாசித்துக் காட்டப்படவேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் கல்லறைகளுக்குக் காவல் இருக்கிறது. கெல்டிரியா மேட்டுக்கு முறையான அகழ்வாராய்ச்சி வேண்டும். கம்பெனியின் கடிதங்களும் கணக்கேடுகளும் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எத்தனை தறி, எத்தனை கட்டுத் துணி, எத்தனை மனித உயிர்கள் இத்துறையிலிருந்து போயின என்பது அங்கே ஒல்லாந்து மொழியில் எழுதிக் கிடக்கிறது. நமது சர்வகலாசாலைகள் இரண்டு மூன்று மாணவர்க்கு அம்மொழியைக் கற்பித்து, பழவேற்காட்டைப்பற்றிய ஏடுகளையாவது தமிழில் தரவேண்டும். நம் ஊர் மாண்ட கணக்கை நாமே வாசிக்கத் தெரியாமலிருப்பது நமக்கு அழகன்று.

நேயர்களில் பலர் வாலிபர்கள், பொதுக்காரியத்தில் ஊக்கமுள்ளவர்கள். விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கடற்கரைச் சாலைகளில் சுற்றி வருகிறார்கள். அவர்கள் ஒருநாள் கும்மிடிப்பூண்டியிலிருந்து இவ்விரு வழியிலும் போய் வரட்டும். கல்லறைகளைப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாமல், கோட்டைக்குப்பத்தில் ஒரு பொழுது உட்கார்ந்து, இவ்வருஷம் வாய் எப்பொழுது அடைத்தது, இறால் எவ்வளவு பட்டது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த பொது விசாரணைக்கு நாள் குறித்ததும், ஆங்கிலம் அறிந்தவர் பத்துப் பேர் அவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு போய், பக்கம் பக்கமாக அவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும். ஏரி வேண்டுமா, துறைமுகம் வேண்டுமா, இரண்டும் எந்த அளவில் வேண்டும் என்பதைக் கேட்டறிந்த பிறகு அவர்களே சொல்வார்கள்.